பின்பக்கம் பார்த்த இருக்கை

வெர்னாவுக்குத் தன் கணவனிடம் போக வேண்டும். போவதற்குப் படகு வேண்டும், படகை ஓட்ட உரிம அட்டை வேண்டும், அட்டை வாங்கப் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சையில் அவள் தோற்றுப்போன நாளிலிருந்து ஆரம்பித்தால் கதை சுருக்கமாக முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததும் கொஞ்சம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

நானும் வெர்னாவும் இருப்பது செலான் ஏரியின் கீழ்ப்பக்கம், மான்சன் என்கிற ஊரில். பக்கத்துப் பக்கத்து வீடு. இங்கே எல்லாம் ஆப்பிள் தோட்டம், திராட்சைத் தோட்டம், கோடையில் வந்து கத்திவிட்டுப் போகிற விடுமுறைக் கூட்டம். ஏரி நீளமானது. மேலே போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து, ஓரிடத்தில் சாலை நின்றுவிடும். அதற்கு அப்பால் யார் வீட்டுக்குப் போவதானாலும் தண்ணீர் வழிதான். அந்த மேலேரியில், ஒரு சின்ன வளைவுக்குள், வெர்னாவின் கணவன் மெர்லுடைய அப்பா கட்டிய மரவீடு ஒன்று இருக்கிறது. கோடைகளை எல்லாம் வெர்னாவும் மெர்லும் பிள்ளைகளோடு அங்கேதான் கழித்தார்கள்.

ஆப்பிள் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மெர்ல் ஒரே பிடியாக நின்றான். இனி வருஷம் முழுக்க அங்கேயே இருந்துவிடலாம் என்றான். அந்தச் சண்டை என் சமையலறையில்தான் நடந்தது. நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"உன் படகுல ஏறி வர்றேன், சரி. அங்கேருந்து இறங்கி வரணும்னா?" என்றாள் வெர்னா.

"நான் கொண்டாந்து விடுறேன்."

"நீ தூங்கிட்டிருந்தா?"

"எழுப்பு."

"உன்மேலயே கோவமா இருந்தா?"

மெர்ல் யோசித்தான். "அப்போ கொஞ்சம் பொறுத்து எழுப்பு."

நான் சிரித்துவிட்டேன். வெர்னா சிரிக்கவில்லை. "எனக்கு ஓட்டக் கத்துக்குடு. நான் வர்றேன்," என்றாள்.

"அதுக்கு கார்டு வேணும். சட்டம் போட்டது நானா? ஐம்பத்தஞ்சாம் வருஷம் பொறந்தவங்கள்லேருந்து எல்லாருக்கும் கார்டு வேணுமாம். நான் அதுக்கு முன்னாடியே பொறந்து தொலைச்சிட்டேன். இதுதான் என் கார்டு." தொப்பியைக் கழற்றி நரைத்த தலையைக் குனிந்து காட்டினான்.

சட்டம் அப்படித்தான். பதினைந்து குதிரை சக்தியோ அதற்கு மேலோ உள்ள இன்ஜின் என்றால் அட்டை இல்லாமல் தொடக்கூடாது. என்னையும் மெர்லையும் போல முன்னாலேயே பிறந்துவிட்டவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். வெர்னா அதற்குப் பிறகு பிறந்தவள். மெர்ல் சொன்னதில் தப்பு இல்லை. தொப்பியைக் கழற்றிக் காட்டினானே, அதுதான் தப்பு. அவன் விளையாட்டாகத்தான் செய்தான். வெர்னா எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரலில், மலையில் பனி இருக்கும்போதே, அவன் படகில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். "பனி உருகினதும் வா," என்றான். "பாக்கலாம்," என்றாள். பனி உருகியது. அவள் போகவில்லை. அவனும் இறங்கி வரவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு. எந்த வீம்பு பெரிது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மேலேரியில் கைபேசி எடுக்காது. அங்கே இருப்பவர்களுக்குக் கடைச் சாமான் எல்லாம் பெரிய பயணிகள் படகில்தான் போகும். வாரம் ஒருமுறை வெர்னா ஒரு அட்டைப்பெட்டியில் காப்பித்தூள், மாவு, பன்றிக்கறி, அவன் மூட்டுவலிக்குத் தைலம் எல்லாம் அடுக்கி, பெரிய படகில் ஏற்றிவிடுவாள். அவன் எதுவும் கேட்டு அனுப்புவதில்லை. எது தீர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். படகு அவர்கள் துறைக்கு மூக்கை நீட்டியதும், கேப்டன் ஒலிபெருக்கியில் "மெர்லுக்கு ஒரு பெட்டி!" என்று மலை அதிரக் கத்துவார். பயணிகள் கைதட்டுவார்களாம்.

பெட்டி வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு வாரம் ஈரமான பெரணி இலையில் சுற்றிய டிரௌட் மீன். ஒரு வாரம் ஹக்கிள்பெர்ரிப் பழம் ஒரு ஜாடி. ஒருமுறை பொத்தான் போன ஒரு சட்டை மட்டும் வந்தது. அதை அன்றைக்கே தைத்துவிட்டாள். ஆனால் திருப்பி அனுப்ப நாளாயிற்று. ஒருநாள் அவள் வீட்டுக்குள் போனபோது, படுக்கையில் மெர்லின் தலையணை மேல் அந்தச் சட்டை மடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். பார்க்காதவள் மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலங்களில் அவள் என் படகுத்துறைக்கு வந்து, கால்களைத் தொங்கப்போட்டு உட்காருவாள். அங்கிருந்து மேலேரி தெரியாது. ஏரி வளைகிற இடம் வரைக்கும்தான் தெரியும். அவள் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பெட்டி மேல ஏறி உக்காந்துக்கயேன்," என்றேன் ஒருநாள். "கேப்டன் கத்துவாரு, மெர்ல் இறக்கிப்பான். சோலி முடிஞ்சுது."

"நான் சாமான் இல்ல, டோரீன்."

"பெரிய படகுல போறவங்க எல்லாம் சாமானாடி?"

"போய்ச் சேர்றது பெரிசில்ல. வரணும்னு தோணினா வர முடியணும். அது இல்லேன்னா நான் போனதா ஆகாது. யாரோ கொண்டுபோய் வெச்சதா ஆகும்."

என் வீட்டுக்காரன் ஆல்பெர்ட் உயிரோடு இருந்தவரை ஓட்டிய அலுமினியப் படகு தார்ப்பாய்க்குள் சும்மா கிடந்தது. நாற்பது குதிரை சக்தி. அவன் போன பிறகு நான் அதைத் தொட்டதில்லை. சாவி மட்டும் சமையலறை ஆணியில் தொங்கியது. அன்று அவளிடம் சொன்னேன்: "கார்டைக் கொண்டா. சாவியக் குடுக்கறேன். கார்டு இல்லாம கேட்டேன்னா வெளக்குமாத்தாலதான் பதில்."

மறுநாள் காலையில் வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

வகுப்பு தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நடந்தது. இந்தக் காலத்தில் எல்லாரும் கணினியிலேயே படித்து எழுதிவிடுகிறார்கள். வெர்னாவுக்கு ஒரு ஆள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொன்னது மரிக்ரூஸ் லெடெஸ்மா, ஷெரிஃப் அலுவலகத்தின் ஏரிக் காவலில் இருக்கிற பெண். முப்பது வயது இருக்கும், கறாரான பேச்சு. நானும் துணைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தேன்.

பரீட்சைத் தாளைத் திருத்திய பிறகு மரிக்ரூஸ் நேரே வெர்னாவிடம் வந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? குளிர்ந்த தண்ணில விழுந்தா என்ன பண்றது, தீயணைப்பான் எங்க வெக்கறது, லைஃப் ஜாக்கெட், எல்லாம் சரி. இடது வலது வர்ற கேள்வி மட்டும் ஒண்ணுவிடாம தப்பு. கண்ண மூடிக்கிட்டு டிக் போட்டாக்கூட பாதி சரியா வந்திருக்குமே. இது எப்படி முடிஞ்சுது உங்களால?"

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது. "வலது பக்கம் வர்ற படகுக்கு வழி விடணும்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இந்தப் படத்துல அது எனக்கு இடது பக்கமால்ல வருது?"

மரிக்ரூஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க படகுல எங்க உக்காருவீங்க?"

"என் இடத்துல."

"உங்க இடம் எது?"

மெர்லின் படகு பழையது. அதில் இருக்கைகள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இருக்கும். ஒன்று முன்னே பார்க்கும், ஒன்று பின்னே பார்க்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குவார்கள். சறுக்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வர ஒரு ஆள், கையில் கொடியோடு, பின்பக்கம் திரும்பி உட்கார வேண்டும். அதுவும் சட்டம்தான். அந்த ஆள் வெர்னா. பிள்ளைகள் வளர்ந்து கலிபோர்னியாவுக்கும் அலாஸ்காவுக்கும் போனார்கள். அவள் அந்த இருக்கையிலேயே இருந்துவிட்டாள். காற்று முகத்தில் அடிக்காது என்பாள். அவளுடைய வலது கைப் பக்கம், படகுக்கு இடது பக்கம். அதுவே பழகிவிட்டது.

மரிக்ரூஸ் கேட்டாள்: "அப்போ இத்தனை வருஷமா, போற எடத்தப் பாத்துக்கிட்டு நீங்க போனதே இல்லையா?"

"விட்டுட்டு வர்ற எடத்தப் பாத்திருக்கேன்," என்றாள் வெர்னா. "நல்லாவே பாத்திருக்கேன்."

அந்தக் கறாரான பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேளுங்க. உங்க வலத மறந்துடுங்க. படகுக்குன்னு ஒரு வலது இருக்கு, நீங்க எந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாலும் அது மாறாது. பச்சை விளக்கு அந்தப் பக்கம். இடது பக்கம் சிவப்பு. படகோட மூக்கப் பாத்து உக்காந்தீங்கன்னா உங்க வலதும் படகோட வலதும் ஒண்ணுதான்."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் வெர்னா மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் இரண்டு நகப்பூச்சுப் புட்டிகளோடு வந்தாள். அன்று முதல் அவளுடைய இடது கை நகமெல்லாம் சிவப்பு, வலது கை நகமெல்லாம் பச்சை. எங்கள் சர்ச் பாட்டுக் குழுவில் இதைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். கிறிஸ்துமஸுக்கு இப்போதே தயாராகிறாளா என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, உனக்குப் பரிசு வாங்கணும், அதுக்குத்தான்," என்றாள் வெர்னா.

ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்து ஏரியை மூடியது. அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வளைவும் தெரியாமல் போயிற்று. தீ மேலேரிப் பக்கம் இல்லை, மலைக்கு அந்தப்புறம்தான் என்று வானொலியில் சொன்னார்கள். சொன்னால் போதுமா? அந்த வாரம் பெரிய படகு ஓடவில்லை. அவள் கட்டிய பெட்டி அவள் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தது. அவள் புகைக்குள் போய் என் துறையில் நின்று இருமிக்கொண்டிருப்பாள். "உள்ள வாடி," என்று நான் கத்துவேன். "இதோ," என்பாள். வரமாட்டாள். அடுத்த வாரம் படகு ஓடியது. திரும்பி வந்த பெட்டியில் மீன் இருந்தது. அந்த மீனைப் பொரித்து, எனக்கும் ஒரு துண்டு கொடுத்து, சாப்பிடும்போதே விசும்பினாள். "முள்ளு," என்றாள். டிரௌட் மீனில் அவள் முள் விட்டுவைத்ததே கிடையாது.

செப்டம்பரில் இரண்டாம் தடவை எழுதினாள். மரிக்ரூஸ் அவள் கைகளைப் பார்த்துவிட்டு, "இது காப்பியடிக்கறதுல சேருமா?" என்றாள். "வேணும்னா நகத்தப் பிடுங்கிக்கோ," என்றாள் வெர்னா. ஒரே ஒரு கேள்விதான் தப்பு. அது கழிவுநீரைப் பற்றியது.

அட்டை தபாலில் வந்தது. சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என் சமையலறையில் நின்று உரக்கப் படித்தாள். "புதுப்பிக்க வேண்டியதில்லையாம், டோரீன். ஆயுசு முழுக்கச் செல்லுமாம்."

"இந்த மாதிரி ஒண்ண நம்பி முன்னாடியும் ஒருதரம் கையெழுத்துப் போட்டே," என்றேன்.

ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். தார்ப்பாயை இரண்டு பேருமாக உருவினோம். உள்ளே ஆல்பெர்ட்டின் கையுறை ஒன்று கிடந்தது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்ஜினை மெக்கானிக் பார்த்துத் தந்தார். ஒரு வாரம் துறைக்கு முன்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து பழகினாள். நான் கரையில் நின்று திட்டினேன்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, காற்றில்லாத காலையில் கிளம்பினாள். மேலேரியில் மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறும். அதற்குள் போய்விட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டாள். ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற சுருள் கயிறு இருக்கிறதே, அதையும் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டாள். "வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்துடுவேன்," என்றாள். சிவப்பும் பச்சையுமான விரல்களால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனாள். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாலை முடிகிற இடம் வரை ஒன்றுமில்லையாம். அதைத் தாண்டியதும், வெள்ளைக் கீறல் விழுந்த பாறை எதிரே வந்தது. பிறகு ஒல்லியான அருவி. பிறகு ஒரு பழைய தீயில் கருகிய மரங்கள் நிற்கிற சரிவு. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். கோடை முடிந்து ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் பின்னே பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றும் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவள். முதலில் சரிவு போகும், பிறகு அருவி, கடைசியில் பாறை. பாறையும் மறைந்தால் விடுமுறை முடிந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இன்று கடைசியில் மறைகிற பாறை முதலில் வந்தது. வந்ததோடு இல்லாமல் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"பாறை என்னப் பாத்து வந்துச்சு," என்றாள். "செவுத்துல மாட்டின போட்டோலேருந்து ஆளுங்க எழுந்து நடந்து வந்தா எப்படியிருக்கும்? அப்படி."

"அழுதியா?"

"கண்ணுல தண்ணி நின்னா வழி எப்படித் தெரியும்? அடக்கிக்கிட்டேன்."

மெர்ல் துறையில் மண்டியிட்டுப் பலகை மாற்றிக்கொண்டிருந்தான். இன்ஜின் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். படகு ஆல்பெர்ட்டினுடையது என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

அந்தத் துறை தூரப் போவதைத்தான் வெர்னா அறிவாள். எவ்வளவு சீக்கிரம் அது கிட்டே வரும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்னால் வந்துவிட்டது.

"மெதுவா! மெதுவா!" என்று மெர்ல் கத்தினான்.

அவள் ஸ்டியரிங்கை ஒடித்து விலகி, ஒரு பெரிய வட்டம் போட்டு மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை மிக மெதுவாக வந்ததில், படகு துறையைத் தொடாமலே நழுவிப் போயிற்று. அவன் துறையின் விளிம்பில் ஓடிக்கொண்டே, "வலது! வலதுல ஒடி!" என்றான்.

"யாரோட வலது?" என்று அவள் கத்தினாள். "படகோட வலதா, உன் வலதா? ஒழுங்காச் சொல்லு!"

அவன் அவளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவன் வலது, அவள் இடது. அதன் பிறகு அவன் வழி சொல்வதை விட்டுவிட்டானாம். மூன்றாம் தடவை அவளே கொண்டுவந்து ஒட்டினாள்.

அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தாடி வளர்ந்து, ஆள் இளைத்திருந்தான். அவள் பொத்தான் தைத்த சட்டையைப் போட்டிருந்தான்.

"நீயேவா?" என்றான்.

"கார்டு இருக்கு. பாக்கறியா?"

அவன் அட்டையைக் கேட்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்தான். "கைக்கு என்ன ஆச்சு?"

"விளக்கு போட்டிருக்கேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. வீட்டு முகப்பில் நாற்காலி இரண்டு கீழேரியைப் பார்த்துக் கிடந்தன. ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருந்தது. மற்றதன் மேல் பைன் மரத்தின் ஊசி இலைகள் உதிர்ந்து கிடந்தன. கோடை முழுக்க அதை அவன் மடித்து உள்ளே வைக்கவில்லை. அவள் ஊசிகளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை வந்தது. நான் மத்தியானத்திலிருந்தே துறையில் உட்கார்ந்திருந்தேன். ஏரி அசையவில்லை. தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கிறவர்கள் ஏணி நகர்த்துகிற சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது. படகு வரவில்லை. சாயங்காலம் பாட்டுப் பயிற்சியில் வெர்னாவின் இடம் காலியாக இருந்தது. மரிக்ரூஸைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன் வந்து சேர்ந்தாள். துறையில் அழகாக ஒட்டினாள்.

"நேத்து என்னடி ஆச்சு?"

"காத்து," என்றாள், ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே.

"எந்தக் காத்து? இங்க ஒரு எலை அசையல."

"மேலேரியில இருந்துது."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கயிறு கட்டுவது போல பாவனை செய்தாள். பிறகு துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் எல்லாம் மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்துவிட்டாளாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெர்ல் கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டான். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. ஆனால் படகின் விளிம்பைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"காத்து வரும் போலிருக்கு," என்றான்.

எதிர் மலை ஒரு மடிப்புக் கலையாமல் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. ஒரு பூச்சி தண்ணீரைத் தொட்டால் அந்த வட்டம் அக்கரை வரை போகும், அப்படி ஒரு காலை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது ஸ்டியரிங்கில் இருக்கிற ஆள்தான் என்று மரிக்ரூஸ் வகுப்பில் சொல்லியிருந்தாள். வெர்னா ஏரியை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். விளிம்பில் இருந்த அவன் கையைப் பார்த்தாள்.

"ஆமா, வரும் போலத்தான் இருக்கு," என்று சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினாள்.

சத்தம் அடங்கியதும் துறைப் பலகைகளுக்குக் கீழே தண்ணீர் தட்டுவது கேட்டது. மெர்ல் குனிந்து கயிற்றை எடுத்துக் கட்டினான். ஒரு முடிச்சு போதும். அவன் மூன்று போட்டான். போட்டுக்கொண்டே, நிமிராமல் கேட்டான்:

"நாளைக்கும் காத்து இருக்குமோ?"

"காலையில நான் பாத்துச் சொல்றேன்," என்றாள் வெர்னா.